மன்னார்த் தீவில் காட்டுப்பறவைகளையும் முட்டைகளையும் இனங்காண்பது: களத்துக்கான முழு வழிகாட்டி

மன்னாருக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களில் வருகிறார்கள். பூநாரை, ஊசிவால் வாத்து, உள்ளான் கூட்டம் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டு மாசி முடியமுன் திரும்பிவிடுகிறார்கள். தீவிலேயே தங்கி, தீவின் மண்ணிலேயே முட்டையிடும் பறவைகளைத் தேடி, வெயில் கொளுத்தும் சித்திரை, வைகாசியில் உப்பளப் பக்கம் போகிறவர் குறைவு. இந்த வழிகாட்டி அவர்களுக்கானது. எந்தப் பறவை, எங்கே, எப்படி முட்டையிடுகிறது, அதைக் கலைக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது, கண்டபின் இன்னதுதான் என்று எப்படித் துணிந்து எழுதுவது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

எடுக்கலாமா என்ற கேள்வி

பறவையின் முட்டையை எடுத்துச் சேர்க்கலாமா என்று கேட்டால், எடுக்கக் கூடாது. இலங்கையில் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச்சட்டம், பின்னால் வந்த திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு சிறிய விதிவிலக்குப் பட்டியலைத் தவிர, காட்டுப்பறவையைப் பிடிப்பதும் கொல்வதும் அதன் முட்டையை எடுப்பதும் அழிப்பதும் குற்றம். "ஒரே ஒரு முட்டைதானே, காட்சிக்கு வைக்கத்தானே" என்ற நியாயம் அங்கே எடுபடாது. வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி பெற்ற ஆய்வாளர்களுக்கு மட்டுமே வேறு வழி உண்டு.

ஆனால் பழைய சேகரிப்பாளர்களை வில்லன்களாக்கிவிட்டு நகர்வதும் சரியில்லை. 1868 முதல் 1877 வரை இலங்கையில் இருந்த பீரங்கிப்படை அதிகாரி வில்லியம் வின்சன்ட் லெக், இலங்கையின் பறவைகளைச் சுட்டும் சேகரித்தும் எழுதிய பெருநூல் 1878க்கும் 1880க்கும் இடையில் வெளிவந்தது. தொலைநோக்கியும் கமெராவும் இன்றைய நிலைக்கு வராத அந்தக் காலத்தில் கையில் பறவை இல்லாமல் பேச முடியவில்லை. முட்டைச் சேகரிப்புகளும் பிற்காலத்தில் பயன்பட்டன. 1967இல் டெரெக் ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேய ஆய்வாளர், சேகரிப்புப் பெட்டிகளில் கிடந்த பழைய பைரி (வேட்டைப் பறவை) முட்டைகளின் ஓட்டைப் புதியவற்றோடு ஒப்பிட்டு, 1940களின் பிற்பகுதியிலிருந்து ஓடு மெலிந்துவிட்டதைக் காட்டினார். டிடிடி போன்ற பூச்சிகொல்லிகளே அதற்குக் காரணம் என்பது நிலைநாட்டப்பட்டது. அந்தப் பழைய முட்டைகள் இல்லாவிட்டால் ஒப்பிட எதுவும் இருந்திருக்காது.

அதே வேலையை இன்று ஒரு நல்ல படமும் ஒழுங்கான குறிப்பும் பெருமளவு செய்துவிடும். எங்கே கிடைத்தது என்ற சீட்டு இல்லாத முட்டை எத்தனை அழகாக இருந்தாலும் ஆய்வுக்கு வெறும் ஓடுதான். சீட்டில் எழுதவேண்டியதைத்தான் இனி நாம் சேகரிக்கப்போகிறோம்.

1. காலமும் இடமும்

மன்னார்த் தீவு வறண்ட தீவு. வருகிற மழையில் பெரும்பங்கை ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாடைக்காலத்தில் வாங்கிக்கொள்கிறது. அப்போது தரவைகளும் (வெட்டவெளி நிலங்களும்) உப்பளப் பாத்திகளும் நீரில் மூழ்கியிருக்கும், நிலத்தில் முட்டையிடும் பறவைக்கு இடமே இராது. மாசிக்குப் பிறகு நீர் வற்ற வற்ற, வெடித்த சேறும் சிப்பித்தூள் கலந்த மணலும் வெளிப்படும். பங்குனியிலிருந்து ஆடி வரை நிலக்கூடுகளின் காலம். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) ஓங்கி வீசத் தொடங்கியபிறகு மணல் பறப்பதால் தொலைவிலிருந்து பார்ப்பதே சிரமம். அதனால் பங்குனி, சித்திரையை விடாதீர்கள். புறா, தேன்சிட்டு போன்ற வளவுப் பறவைகளுக்கு இந்தக் கணக்கு இறுக்கமாகப் பொருந்தாது. அவற்றின் கூடு அநேகமாக எந்த மாதத்திலும் கிடைக்கும்.

இடங்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். உப்பளமும் களப்போரமும் முதலாவது. ஆட்காட்டி, உப்புக்கொத்தி, நெடுங்கால் உள்ளான், சின்ன ஆலா எல்லாம் அங்கே. பனங்கூடலும் உடைமரப் பற்றையும் இரண்டாவது. கவுதாரி, பக்கி (இராப்பறவை), கண்கிலேடி (பெருங்கண் தரைப்பறவை), கரிச்சான் அங்கே. வீட்டு வளவு மூன்றாவது. புதிதாகத் தொடங்குகிறவர் மூன்றாவதிலிருந்து தொடங்குவதே நல்லது. புலுனியும் (தவிட்டுக்குருவி) கொண்டைக்குருவியும் மனித நடமாட்டத்துக்குப் பழகியவை, உங்கள் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். உப்புக்கொத்தி பொறுக்காது.

பாதுகாக்கப்பட்ட எல்லைகளை முன்கூட்டியே தெரிந்துவைத்திருங்கள். தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதியை ஒட்டிப் பெருநிலப் பக்கம் விரியும் வங்காலைச் சரணாலயம் 2008இல் அறிவிக்கப்பட்டது. 2010இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. தலைமன்னாருக்கு அப்பால் தனுஷ்கோடியை நோக்கிப் போகும், இராமர் அணை எனப்படும் மணல்திட்டுகளில் இலங்கைக்குரிய பகுதி 2015 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. ஆலாக்கள் கூட்டங்கூட்டமாகக் குஞ்சு பொரிக்கும் இடம் அது. அனுமதியில்லாமல் படகு கொண்டுபோய் இறங்காதீர்கள். அனுமதி இருந்தாலும் கூடுகள் இருக்கும் மாதங்களில் திட்டில் கால் வைக்காமல், படகிலிருந்தே எண்ணிக்கொண்டு திரும்புங்கள். ஒருவர் இறங்கினால் ஆலாக்கள் ஒட்டுமொத்தமாக எழும்பிவிடும். கீழே கிடக்கும் முட்டைகள் வெயிலுக்கு வெந்துபோகும்.

2. கையில் இருக்கவேண்டியவை

எட்டு மடங்கு பெருக்கும், 42 மில்லிமீட்டர் வில்லையுள்ள தொலைநோக்கி போதும். பத்து மடங்கு வாங்கினால் மதிய வெயிலில் தரையிலிருந்து எழும் அனல் அலையும் பத்து மடங்காகத் தெரியும். உப்பளத்தில் அது பெரும் தொல்லை. குறிப்பேடு, பென்சில் (வியர்வையில் பேனா மை கலையும்), இடம் குறிக்கும் வசதியுள்ள போன், தண்ணீர், மங்கிய நிறத் தொப்பியும் சட்டையும். மில்லிமீட்டர் கோடு போட்ட, பளபளப்பில்லாத சிறிய பிளாஸ்டிக் அளவுகோல் ஒன்று. உருக்கு அளவுகோல் வெயிலில் மின்னும், படத்தைக் கெடுக்கும், சூடேறிவிடும்.

தொங்கும் கூடு, மரக்கிளைக் கூடு பார்க்கக் கம்பு நுனியில் கட்டிய சிறு கண்ணாடி உதவும். கூட்டுக்குள் விடும் வயர் கமெராக்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. பழகாத கையில் அதைவிடக் கண்ணாடியே மேல்.

3. முதலில் பறவை

முட்டையைப் பார்த்துப் பறவையைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்கிறவர்கள் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். பறவையைத் தெரிந்த பிறகுதான் முட்டை பேசும். ஆகவே கூடு தேடமுன், அந்த இடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் கையில் இருக்கவேண்டும்.

இரண்டு ஆட்காட்டிகளில் ஒன்றுக்கு அலகடி, கண்முன் தசை எல்லாம் சிவப்பு, கழுத்தும் மார்பும் கறுப்பு. மற்றதற்கு அலகின் அடியிலிருந்து மஞ்சள் தோல் தொங்கும், உச்சந்தலை மட்டும் கறுப்பு. முன்னது ஈர நிலத்தருகே, பின்னது காய்ந்த தரவையில். சத்தத்திலும் வேறுபாடு தெரியும்: சிவப்பு மூக்கு ஆட்காட்டி ஊரையே கூட்டும். நெடுங்கால் உள்ளானைத் தவறவிட முடியாது. உடலுக்குப் பொருத்தமேயில்லாத நீளத்தில் இளஞ்சிவப்புக் கால்.

உப்புக்கொத்திகளில்தான் வேலை இருக்கிறது. மன்னாருக்கு இது சொந்தக் கதையும்கூட. இங்கே முட்டையிடும் சிறிய உப்புக்கொத்தியை நெடுங்காலம் வடக்கிலிருந்து வரும் கெண்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு துணையினமாகவே கணக்கிட்டுவந்தார்கள். 1915இல் ஹார்ட்டெர்ட், ஜாக்சன் இருவரும் அதற்குச் சீபோமி என்று பெயர் வைத்தார்கள். 2023இல் வெளியான ஆய்வு, மரபணுவையும் உடலளவுகளையும் வைத்து அது தனி இனமே என்று காட்டியது. இராமர் அணைப் பகுதியின் பறவை என்பதால் அனுமான் உப்புக்கொத்தி என்ற பெயர் வந்தது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்கிறது. கெண்டிஷைவிட உருவில் கொஞ்சம் சிறியது. இறக்கை, வால், அலகு எல்லாம் சற்றுக் குட்டை. பங்குனி வரை இரண்டும் ஒரே பாத்தியில் மேயக்கூடும். மணல் உப்புக்கொத்திக் கூட்டங்களும் அப்போது இருக்கும்.

வைகாசிக்குப் பிறகு சோடியாக நின்று, உங்களைக் கண்டதும் ஓடி ஓடி நின்று பார்க்கும் உப்புக்கொத்தி உள்ளூர்ப் பறவையாகவே இருக்க அதிக வாய்ப்பு. கழுத்தைச் சுற்றி முழுக் கறுப்பு வளையமும் கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையமும் இருந்தால் அது சின்னப் பட்டாணி உப்புக்கொத்தி. அதுவும் இலங்கையில் முட்டையிடும். அனுமானுக்குக் கழுத்து வளையம் முன்பக்கம் அறுந்து, இரு தோளிலும் துண்டாக நிற்கும்.

ஆலாக்களில் சின்ன ஆலாவும் சாண்டர்ஸ் ஆலாவும் அனுபவசாலிகளையே குழப்புபவை. இரண்டும் இலங்கையில் முட்டையிடுகின்றன. உறுதியில்லையென்றால் இரண்டு பெயரையும் சாய்கோடு போட்டு எழுதுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. தவறான உறுதியைவிட அது ஆயிரம் மடங்கு பயனுள்ள குறிப்பு.

4. கூட்டைத் தேடாதீர்கள், பறவையைப் பாருங்கள்

வரப்பு வரப்பாக நடந்து தரையைத் துழாவுவதுதான் முட்டையை மிதிக்கும் நிச்சயமான வழி. அதற்குப் பதில் காலை வெயில் ஏறமுன் ஓரிடத்தில் உட்காருங்கள். உப்பளக் கொட்டிலின் நிழலோ, மேட்டு வரப்போ, நிறுத்திய வாகனமோ போதும். வாகனம் சிறந்த மறைவு. அதற்குள்ளிருக்கும் மனிதரைப் பறவைகள் அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை.

அடைகாக்கும் உப்புக்கொத்தி, நீங்கள் தெரிந்தவுடனேயே கூட்டைவிட்டு ஓசையில்லாமல் ஓடிப்போய்த் தொலைவில் நின்று மேய்வதுபோல் பாசாங்கு செய்யும். மேய்கிற பறவை குனிந்து கொத்தும். பாசாங்குப் பறவை குனியும், ஆனால் தலை உங்கள் பக்கமே இருக்கும். நீங்கள் அசையாமலிருந்தால் ஓடி, நின்று, ஓடி, வளைந்து வளைந்து கூட்டை நெருங்கும். கடைசியில் ஓரிடத்தில் நின்று, வயிற்று இறகை உதறிப் பக்கவாட்டாக ஆடி உட்காரும். அந்த ஆட்டம்தான் அடையாளம். வெறுமனே இளைப்பாறப் படுக்கும் பறவை அப்படி ஆடுவதில்லை. உட்கார்ந்த இடத்துக்கு அருகிலுள்ள ஓர் உமரிச் செடியையோ சிப்பியையோ கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். கண்ணை எடுத்தால் இடம் தொலைந்துவிடும். உப்பளத்தில் எல்லா இடமும் ஒரே இடம்தான்.

இறக்கை முறிந்ததுபோல் இழுத்து இழுத்து ஓடிக் காட்டினால் நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பெரும்பாலும் குஞ்சு பொரித்துவிட்டது, அல்லது பொரிக்கும் நாள் வந்துவிட்டது. அந்த நிமிடமே வந்த வழியே திரும்புங்கள். குஞ்சு உங்கள் காலடியிலேயே அசையாமல் படுத்திருக்கலாம். ஆட்காட்டி தலைக்குமேல் பாய்ந்து கத்தினாலும் இதே விதி.

நெடுங்கால் உள்ளான் மறைக்காது. நீரோரத்தில் சேறும் குச்சியும் சேர்த்த சிறு மேட்டில் உட்கார்ந்திருப்பது தொலைவிலிருந்தே தெரியும். வெயில் ஏறியபின் அது எழுந்துபோய் வயிற்றை நீரில் நனைத்துவந்து முட்டைமேல் அமர்வதைக் கவனியுங்கள். ஆட்காட்டியும் உப்புக்கொத்தியும் இதையே செய்கின்றன. இங்கே அடைகாப்பது என்பது பாதி நேரம் சூடேற்றுவதல்ல, சூட்டைத் தணிப்பது. கரு 40 பாகை செல்சியசுக்கு மேல் நீண்ட நேரம் தாங்காது. மதிய மணலோ அதைவிட எவ்வளவோ சூடு.

5. கூட்டருகே ஒரு நிமிடம்

நெருங்கத்தான் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். பறவை எதுவென்று தெரிந்து, அது அடைகாக்கிறது என்றும் கண்டுவிட்டால் பதிவு பாதிக்குமேல் முடிந்துவிட்டது. முட்டை எண்ணிக்கையும் படமும் வேண்டுமென்றால் மட்டும் நெருங்குங்கள். காலை எட்டு மணிக்கு முன், அல்லது மாலை நாலரைக்குப் பின். மதியத்தில் வேண்டாம், மழையில் வேண்டாம், மணல் பறக்கும் காற்றில் வேண்டாம்.

காகம் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தால் அன்று விட்டுவிடுங்கள். மனிதர் எங்கே குனிகிறார் என்பதைக் காகம் கவனிக்கும், நீங்கள் போனதும் அங்கே வந்து பார்க்கும். நாய்க்கு வாசனை போதும். ஆகவே கூட்டுக்கு நேராகப் போய் நேராகத் திரும்பாமல், வரப்பில் நடந்துபோகிறவர் போல அதைத் தாண்டிச் செல்லுங்கள். பாதை கூட்டோடு முடியாமல் தொடரவேண்டும். கூட்டருகே குச்சி நடுவதும் கல் அடுக்குவதும் காகத்துக்கு விலாசம் எழுதிக்கொடுப்பது போன்றது. போனில் இடக்குறிப்பை எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

படம் எடுக்கும்போது உங்கள் நிழல் முட்டைகள்மேல் விழும்படி நில்லுங்கள். முட்டைக்கும் நல்லது, நிறமும் சீராகப் பதியும். காலைச் சரிவெயிலில் எடுத்த படத்தில் ஒரு பக்கம் வெளிறி மறுபக்கம் கறுத்துவிடும், பிறகு முட்டையின் தரைநிறம் (புள்ளிகளுக்கு அடியிலுள்ள ஓட்டின் நிறம்) என்னவென்றே சொல்லமுடியாது. போனை நேர் மேலே பிடித்து ஒரு படம். அளவுகோலை முட்டையைத் தொடாமல், முட்டையின் உயரத்துக்கு வரும்படி பக்கத்தில் வைத்து இன்னொரு படம். தரையில் கிடத்தி வைத்தால் முட்டை கமெராவுக்குக் கிட்ட இருப்பதால் உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டும். பிறகு நாலு அடி தள்ளிச் சூழலோடு ஒரு படம். கை முட்டையில் படவே கூடாது. எடுத்துப் பார்ப்பது, திருப்பிப் பார்ப்பது, நீரில் மிதக்கவிட்டு எத்தனை நாள் முட்டை என்று கணிப்பது எல்லாம் அனுமதி பெற்ற ஆய்வாளரின் வேலை.

6. முட்டையைப் படிப்பது

நிறத்தில் தொடங்காதீர்கள். முதலில் இடம், பிறகு கூட்டின் வகை, பிறகு எண்ணிக்கை, பிறகே நிறமும் புள்ளியும் அளவும். பறவை முட்டையின் நிறங்கள் அத்தனையும் இரண்டே நிறமிகளின் விளையாட்டு: நீல‑பச்சையைத் தரும் பிலிவெர்டின், செம்பழுப்பைத் தரும் புரோட்டோபோர்ஃபிரின். சரக்கு இவ்வளவுதான் என்பதால் உறவே இல்லாத பறவைகள் ஒரே நிற முட்டை இடுகின்றன.

நீலத்தையே எடுங்கள். புலுனியின் முட்டை பளபளக்கும் ஆழ்ந்த நீலம், புள்ளியில்லை. மைனாவினதும் புள்ளியில்லாத நீலம். முன்னது கிளைக்கவட்டில் உள்ள கிண்ணக் கூட்டில், பின்னது மரப்பொந்திலோ கூரைச் சந்திலோ இருக்கும். இடத்தைப் பார்த்தால் குழப்பமே இல்லை. ஆனால் புலுனிக் கூட்டில் நீல முட்டைகளுக்கு நடுவே சற்றுப் பருத்த, உருண்ட நீல முட்டை இருந்தால் அது சுடலைக்குயிலின் வேலையாக இருக்கலாம். காகக் கூட்டிலும் இதே கதை. வீட்டுக்காகத்தின் முட்டை நீலப்பச்சையில் பழுப்புத் தீற்றல், நீளம் சுமார் 37 மில்லிமீட்டர். குயிலினது சுமார் 31 மில்லிமீட்டர், தரை சாம்பல் கலந்த பச்சை, புள்ளி செம்பழுப்பு. கூட்டை மேலிருந்து எடுத்த ஒரே படத்தில் இரண்டையும் அருகருகே பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தனித்தனியாகப் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

வெள்ளை என்றால் பெரும்பாலும் மறைவிடம். மீன்கொத்தி, பஞ்சுருட்டான், கிளி, ஆந்தை, மரங்கொத்தி எல்லாம் பொந்திலோ மண்வளையிலோ வெள்ளை முட்டை இடுபவை. இருட்டில் மறைவு நிறம் தேவையில்லை. இதற்கு அழகான சான்று நண்டு தின்னி உள்ளான். கரைப்பறவைகள் திறந்த தரையில் மணல்நிற முட்டை இட, இது மட்டும் மணலில் வளை தோண்டி அதற்குள் வெள்ளை முட்டை ஒன்று இடும். மன்னார்க் கரையில் அதைப் பெரும்பாலும் குளிர்கால விருந்தாளியாகத்தான் பார்ப்போம். இந்த விதிக்கு அடங்காதவை புறாக்கள். நாலு குச்சி வைத்த, கீழிருந்து பார்த்தாலே வெளிச்சம் தெரியும் தட்டில் இரண்டு வெள்ளை முட்டை. தூக்கணாங்குருவியின் முட்டையும் வெள்ளைதான். அதன் கூடே அதற்குச் சாட்சி.

கடற்கரை மணலுக்குள் உருண்டையாய், தோல்போன்ற ஓட்டோடு நிறைய வெள்ளை முட்டைகள் கண்டால் அது பறவையே இல்லை, கடலாமை. மூடிவிட்டுத் திணைக்களத்துக்குச் சொல்லுங்கள். சருகுக்கடியிலோ புற்றிலோ நீண்ட, மெத்தென்ற ஓடுள்ள முட்டை என்றால் பாம்போ பல்லி வகையோ.

இனி நிலத்தில் கிடப்பவை. நாலு முட்டை, பேரிக்காய் வடிவம், கூர்முனைகள் நடுவே சேர்ந்து ஒரு சிலுவைபோல் அடுக்கியிருந்தால் ஆட்காட்டி அல்லது நெடுங்கால் உள்ளான். அளவில் சிவப்பு மூக்கு ஆட்காட்டியும் நெடுங்கால் உள்ளானும் கிட்டத்தட்ட ஒன்று, 42 முதல் 44 மில்லிமீட்டர். மஞ்சள் மூக்கினது சுமார் 36. காய்ந்த தரையில் கூழாங்கல்லும் ஆட்டுப் புழுக்கையும் சுற்றிக் கிடக்கும் குழி ஆட்காட்டிக்குரியது. நீர்சூழ்ந்த சேற்று மேடு நெடுங்கால் உள்ளானுக்குரியது. கிட்டத்தட்டக் கோழிமுட்டைப் பருமனில், மணல்நிறத்தில் பெரிய கறுத்த திட்டுகளோடு இரண்டு முட்டை மட்டும் இருந்தால் கண்கிலேடிப் பக்கம் யோசியுங்கள். கூடே இல்லாமல் சருகுமேல் இளஞ்சிவப்புச் சாயலோடு இரண்டு முட்டை, கிட்டப் போனதும் ஓசையற்று எழும்பும் பறவை: பக்கி. புதர் அடியில் புள்ளியில்லாத பாலேட்டு நிறத்தில் ஆறு, எட்டு முட்டைகள்: கவுதாரி. இலங்கையில் கவுதாரி வடக்கு, வடமேற்குக் கரையோரத்துக்கே உரியது. தெற்கிலிருந்து வரும் நண்பர்களுக்கு இதுவே ஒரு புதுப்பறவை.

உண்மையான சோதனை, உப்புக்கொத்தியும் சின்ன ஆலாவும். இரண்டின் முட்டையும் ஏறக்குறைய 32 மில்லிமீட்டர் நீளம், 23, 24 மில்லிமீட்டர் அகலம். இரண்டும் இரண்டு அல்லது மூன்று. இரண்டும் ஒரே சிப்பிமணலில், சிலவேளை சில மீட்டர் இடைவெளியில். அளவுகோல் இங்கே உதவாது. குறிகளைப் பாருங்கள். உப்புக்கொத்தி முட்டையில் கறுப்புக் குறிகள் மெல்லியவை, பேனா தீட்டிப் பார்த்த கிறுக்கல்களும் சிறு புள்ளிகளுமாக முழு ஓட்டிலும் பரவியிருக்கும். ஆலா முட்டையில் குறிகள் திட்டுத் திட்டாக, ஓரம் மழுங்கியவை. மேலே பழுப்புத் திட்டு, அதற்கடியில் ஓட்டுக்குள்ளிருந்து தெரிவதுபோல் ஊதாச் சாம்பல் திட்டு என இரண்டு அடுக்கு தெரியும். உப்புக்கொத்தி முட்டை ஒரு முனை நன்றாகக் கூர்த்தது, வெப்பம் மிகுந்த இடங்களில் பாதிவரை மணலில் புதைந்து நிற்கும். ஆலாவினது அவ்வளவு கூராது, மணல்மேல் வெறுமனே கிடக்கும். இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் ஐம்பது மீட்டருக்கு அப்பால் போய்க் காத்திருங்கள். வந்து உட்காருவது ஓடி வருகிறதா பறந்து இறங்குகிறதா என்பதே தீர்ப்பு. நான் இந்தக் கடைசிச் சோதனையை எப்போதும் செய்துவிட்டே பெயர் எழுதுவேன். முட்டைப் படத்தை மட்டும் அனுப்பி "இது என்ன பறவை?" என்று கேட்கிறவர்களுக்கு நான் தரும் பதிலும் இதுதான்.

7. வளவுக் கூடுகள்

தேன்சிட்டின் கூடு கிளைநுனியிலோ கொடிக் கம்பியிலோ பைபோல் தொங்கும். பக்கவாசலுக்குமேல் சிறு கூரைநீட்சி இருக்கும். முட்டை ஒன்று அல்லது இரண்டு. தையல்சிட்டு இரண்டு இலையைத் தைத்து உள்ளே பஞ்சு வைக்கும். கொண்டைக்குருவி கிண்ணக் கூட்டில் இளஞ்சிவப்புத் தரையில் சிவந்த புள்ளிகள் நெருங்கிய முட்டை இடும், பூத்தொட்டியையும் விடாது. மறைவுக்காக இருக்கும் இலையை விலக்கிப் படம் எடுக்காதீர்கள், விலக்கிய இலை வெயிலையும் காகத்தையும் உள்ளே விடும். குஞ்சுகளுக்கு இறகு முளைத்துவிட்டால் கிட்டவே போகவேண்டாம். பயந்து நாளுக்கு முன்னரே வெளியே குதித்துவிடும், திரும்ப வைத்தாலும் நில்லாது.

8. குறிப்பு

அன்றன்றே எழுதுங்கள். நாள், நேரம், இடம், நிலத்தின் தன்மை, நீர் எவ்வளவு தூரம், கூட்டின் பொருள், முட்டை எத்தனை, தரைநிறம், குறிகள், பறவை எத்தனை மீட்டரில் எழும்பியது, எத்தனை நிமிடத்தில் திரும்பியது, யார் எந்த அடையாளத்தால் இனங்கண்டது. இந்தக் கடைசி விவரத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "அனுமான் உப்புக்கொத்தி, மூன்று முட்டை" என்பதைவிட "ஆண் வந்து அமர்ந்ததைக் கண்டேன், கழுத்து வளையம் முன்பக்கம் அறுந்தது" என்ற வரி பத்து வருடத்துக்குப் பிறகும் சரிபார்க்கக்கூடியது.

பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் பதியும்போது இனப்பெருக்கக் குறியீட்டைச் சேருங்கள். உயிரினப் பதிவுத் தளமான ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மறைக்கும் தெரிவு உண்டு, அதைப் போடுங்கள். முகநூலில் கூட்டின் படம் போடுவதானால் பருவம் முடிந்தபிறகு போடுங்கள். போனில் எடுத்த படத்துக்குள்ளேயே இடக்குறிப்பு ஒளிந்திருக்கும் என்பதையும் மறக்காதீர்கள். அடுத்த ஞாயிறே நாலு கமெராக்காரர் வரப்பில் நிற்பார்கள்.

காலில் வளையமுள்ள பறவை கண்டால் எழுத்தையும் எண்ணையும் நிறவரிசையையும் படம்பிடித்து, வளையமிடும் ஆய்வாளர்களுக்கு அனுப்புங்கள். செத்துக் கிடக்கும் பறவையை வெறுங்கையால் தூக்காதீர்கள். பல பறவைகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தால் திணைக்களத்துக்கும் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கும் உடனே தெரிவிக்கவேண்டும், பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்.

9. முடிவைத் தெரிந்துகொள்வது

உப்புக்கொத்தி முட்டை பொரிக்கச் சுமார் 25 நாள், சிவப்பு மூக்கு ஆட்காட்டிக்கு 28 முதல் 30, சின்ன ஆலாவுக்கு ஏறத்தாழ 21. முதலில் கண்ட நாளிலிருந்து இந்தக் கணக்கு முடிந்தபின் ஒரே ஒருமுறை போய்ப் பாருங்கள், இடையில் வேண்டாம். குழி காலியாக இருப்பதால் மட்டும் பொரித்துவிட்டது என்று எழுதக்கூடாது. பொரித்ததும் பெற்றோரே பெரிய ஓடுகளைத் தூக்கித் தொலைவில் போட்டுவிடும், ஆனால் குஞ்சு உள்ளிருந்து கொத்தியபோது தெறித்த மிகச் சிறிய ஓட்டுத் துணுக்குகள் குழியின் சிப்பிகளுக்கிடையே தங்கிவிடும். அவை இருந்தால் பொரித்தது. மஞ்சள் கரு காய்ந்த ஓடு, குழியருகே கால்தடம், உடைந்த பெரிய துண்டு என்றால் காகமோ நாயோ. ஒன்றுமே இல்லாவிட்டால் "முடிவு தெரியாது" என்று எழுதுங்கள். அருகில் பெற்றோர் இன்னும் கத்திக்கொண்டிருந்தால் குஞ்சுகள் எங்கோ பதுங்கியிருக்கின்றன. பொரித்த சில மணிநேரத்தில் ஓடத் தொடங்கிவிடும் குஞ்சுகள் அவை. தாயில்லாமல் தனியே நிற்பதாக நினைத்து வீட்டுக்குத் தூக்கிவராதீர்கள். வந்த வரப்பிலேயே மெதுவாகத் திரும்பி, குறிப்பேட்டில் அந்த வரியையும் சேர்த்துவிடுங்கள்.